ஸ்டீலி டானின் ‘கேட்டி லைடு’: டிரம்ஸுக்காகவே வாங்கிய ஒரு எல்பி

3,200 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய எல்பி இசைத்தட்டு, முதல் தடவை வந்தபோது வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. சுற்றவிட்டுப் பார்த்தால் டர்ன்டேபிளின் கை, அலையில் மாட்டிய கட்டுமரம் போல ஏறி இறங்குகிறது. விற்ற கடையின் பெயர் வேண்டாம், கடைசியில் மாற்றித் தந்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் நான்கு மெயில், இரண்டு வீடியோ, பதினெட்டு நாள் காத்திருப்பு, நடுவில் ‘லேசான வளைவு பழுதில் சேராது’ என்று ஒரு பதில் வேறு. இவ்வளவு பாடு எதற்கு, போனில் போட்டால் பாடாதா என்று வீட்டில் கேட்டார்கள். பாடும். இத்தனை வருடமாக நானே அப்படித்தான் கேட்டேன், முதலில் நண்பன் எரித்துக் கொடுத்த சிடியில், பிறகு பஸ்ஸில் போகும்போது போனில். ஆனால் இந்த ஆல்பத்தின் டிரம்ஸை ஒழுங்கான ஸ்பீக்கரில், ஒழுங்கான பதிப்பில் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஸ்டீலி டான் என்கிற அமெரிக்க ராக் குழு பெயருக்குத்தான் குழு. உண்மையில் டொனால்ட் ஃபேகன், வால்டர் பெக்கர் என்ற இரண்டு பேர். கல்லூரியில் சேர்ந்த சிநேகிதம், ஜாஸ் பைத்தியம், எதையும் நேராகச் சொல்லாத குத்தலான பாட்டு வரிகள். இவர்களைப் பற்றி யார் பேசினாலும் 1977-ல் வந்த ‘ஏஜா’வில்தான் போய் நிற்பார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர்களிடம் கேட்டால் கேட்கவே வேண்டாம், அதன் தலைப்புப் பாட்டில் ஸ்டீவ் கேட் வாசித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிப்பார்கள். அது தகும். அதே ஆல்பத்தில் பெர்னார்ட் பர்டி, ரிக் மரோட்டா, ஜிம் கெல்ட்னர் என்று பாட்டுக்கு ஒரு ஜாம்பவான் வேறு உட்கார்ந்திருப்பார். கல்யாணப் பந்தியில் எல்லா இனிப்பையும் ஒரே இலையில் வைத்த மாதிரி.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1975 மார்ச்சில் வந்தது ‘கேட்டி லைடு’. அவர்களுடைய நான்காவது ஆல்பம். அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் வரைக்கும் போனது, அதிலிருந்து வந்த ‘பிளாக் ஃப்ரைடே’ பாட்டு 37-ஆம் இடம். தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்டீலி டான் ஆல்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பலரும் இதை நடுவிலோ கடைசிப் பக்கமோ தள்ளிவிட்டு, ‘ஒரு இடைக்கால முயற்சி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரியைப் படித்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. கேட்டிடிட் என்று அமெரிக்காவில் ஒரு பூச்சி, வெட்டுக்கிளிக்குப் பங்காளி, அது கத்துவது ஆங்கிலத்தில் ‘கேட்டி செய்தாள், கேட்டி செய்தாள்’ என்று சொல்வது போல இருக்குமாம். இவர்கள் அதை ‘கேட்டி பொய் சொன்னாள்’ என்று மாற்றிவிட்டார்கள். அட்டையில் அந்தப் பூச்சியின் படம்தான், மங்கலாக, கிட்டத்தில் எடுத்தது. பன்னிரண்டு அங்குல அட்டையில்கூட அது அழகான படம் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிரம்ஸ். 1974 ஜூலையில் ஸ்டீலி டான் கடைசியாக மேடையேறினார்கள், அதோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பது வேண்டாம், ஸ்டூடியோ போதும் என்று ஃபேகனும் பெக்கரும் முடிவு செய்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்கு மேடைதான் சோறு. கிட்டாரிஸ்ட் ஜெஃப் பாக்ஸ்டர் டூபி பிரதர்ஸ் என்ற வேறு குழுவுக்குப் போய்விட்டார், டிரம்மர் ஜிம் ஹாடரும் விலகினார். மிச்சம் இருந்த இருவரும் இனி வேண்டிய பாட்டுக்கு வேண்டிய ஆளைக் கூலிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்த முதல் ஆல்பம் இதுதான். ‘ஏஜா’வின் அத்தனை பவிசுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

டிரம்ஸ் இருக்கையில் உட்கார்ந்தவர் ஜெஃப் பொர்க்காரோ. வயது 20. அப்பா ஜோ பொர்க்காரோவும் தாள வாத்தியக்காரர், வீட்டிலேயே தொழில். பையன் பள்ளிக்கூடத்தை முடிப்பதற்குள் சோனி அண்ட் ஷேர் என்ற பாட்டு ஜோடியோடு சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டான். 1974-ல் ஸ்டீலி டான் மேடைகளில் ஹாடருக்குப் பக்கத்தில் இரண்டாவது டிரம்மர், ‘பிரெட்ஸல் லாஜிக்’ ஆல்பத்தில் ஓரிரு பாட்டு, அவ்வளவுதான் அனுபவம். அந்தப் பையனிடம் பத்துப் பாட்டில் ஒன்பதை நம்பிக் கொடுத்தார்கள்.

செஷன் டிரம்மர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஸ்டூடியோவுக்கு வருவார், தாளில் எழுதியதைப் பார்ப்பார், வாசிப்பார், சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்குக் கிளம்புவார். ரேடியோவில் ஒரு நாளில் கேட்கிற பாட்டில் பாதிக்கு இவர் கைதான் இருக்கும், ஆனால் அட்டையில் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். நம் ஊர் சினிமா கேசட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர் எல்லாம் இருக்கும், நடுவில் வருகிற அந்த உருட்டலை வாசித்தது யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் சின்ன மாமா திருச்சியில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பன்னிரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்தவர். கேசட்டை ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து யாரோ முகம் தெரியாத மனிதரிடம் பாடம் படித்தவர். அவர்தான் எனக்கு இந்த ஆல்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். இத்தனைக்கும் ஸ்டீலி டான் என்றால் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் போட்டேன், அவர் கேட்டார், முதல் பாட்டு முடிவதற்குள், “மாப்ளே, இவன் வலது கைய மட்டும் கேளு. மத்ததெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார்.

வலது கை என்றால் ஹை-ஹாட். டிரம்ஸ் செட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு சின்னத் தாளத்தட்டுகள், காலால் மூடித் திறப்பது. ‘பிளாக் ஃப்ரைடே’ ஒரு ஷஃபிள். ஷஃபிள் என்ன என்பதை மாமா அன்றைக்குக் காபி டம்ளரில் ஸ்பூனால் தட்டிக் காட்டினார். தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், நடுவில் இருக்கிற ‘கி’யை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். த… ட த… ட த… ட. அவ்வளவுதான் ஷஃபிள். கேட்பதற்குச் சுலபம், பத்து நிமிடம் ஒரே சீராக அடிக்கச் சொன்னால் தெரியும் சேதி, விழுங்கிய ‘கி’யின் இடம் மெல்ல மெல்லச் சுருங்கி எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். பொர்க்காரோவின் வலது கையில் அந்த வெற்றிடம் பாட்டு முழுக்க அதே அளவில் இருக்கிறது. பாட்டோ பங்குச்சந்தை சரிகிற நாளில் ஊரை விட்டு ஓடுகிறவனைப் பற்றியது, ஆஸ்திரேலியாவில் மஸ்வெல்புரூக் என்ற ஊர் வரைக்கும் ஓடுவான். அவன் ஓட ஓட டிரம்ஸ் மட்டும் வேகம் கூட்டாமல், பதறாமல் வரும். பதற்றமான பாட்டுக்கு நிதானமான தாளம். கிட்டார் சோலோ பெக்கரே வாசித்தது, காரமாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கொசுறு. பின்னாளில் டோட்டோ குழுவில் பொர்க்காரோ வாசித்த ‘ரோசானா’ என்ற 1982 பாட்டு டிரம்மர்கள் உலகத்தில் கிட்டத்தட்ட அரங்கேற்றப் பாடம். பர்டியிடமிருந்து வந்த உத்தி அது, அங்கே விழுங்கிய ‘கி’ திரும்ப வரும், ஆனால் ஸ்நேர் டிரம்மில் (‘டக்’ என்று கேட்கிற அந்தச் சின்ன டிரம்) விரல் நுனி பட்ட மாதிரி, காதுக்கு எட்டியும் எட்டாமலும். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் ‘பீட் இட்’ கேட்டிருப்பீர்கள், அதிலும் இவர்தான். 1992-ல், 38 வயதில் இறந்துபோனார். உலகத்துக்கே தெரிந்த தாளங்கள், பாதிப் பேருக்குத் தெரியாத பெயர்.

‘கேட்டி லைடு’க்கு வருவோம். இதில் எனக்கு உயிர் என்றால் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் ‘யுவர் கோல்ட் டீத் டூ’. தொடக்கமே வம்பு: மூன்று, ஆறு, ஒன்பது என்று அளவு மாறி மாறி வருகிற தாளக்கட்டு, எங்கே சமம் விழும் என்று முதல் பத்துத் தடவை எனக்குப் பிடிபடவில்லை. பிறகு மூன்றடித் தாளத்தில் ஜாஸ் மாதிரி மிதக்க ஆரம்பிக்கும். ராக் டிரம்மராக வளர்ந்த பையனுக்கு இது வழக்கமான சாப்பாடு இல்லை. பொர்க்காரோவே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார், ஃபேகன் அவரிடம் ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் ஒரு இசைத்தட்டைக் கொடுத்து, அதில் டேனி ரிச்மண்ட் டிரம்ஸ் வாசித்திருப்பதைக் கேட்டுவிட்டு வா என்றாராம். இரண்டு நாள் அதையே கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள், ஒருவன் உங்களிடம் ‘இந்த இடத்தில் இப்படி அடி’ என்று சொல்லவில்லை, ஒரு தட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறான். குருகுலத்தில் கேள்வி ஞானம் என்பார்களே, அது.

அதன் விளைவை ரைடு சிம்பல் என்கிற பெரிய தாளத்தட்டில் கேட்கலாம். ஹை-ஹாட்டை விட்டுவிட்டு வலது கை பெரிய சிம்பலுக்குப் போகிறது, ஸ்நேர் எண்ணிக்கைக்கு அடிப்பதை நிறுத்திவிட்டுக் கிட்டாரோடு பேச ஆரம்பிக்கிறது. டென்னி டயஸின் கிட்டார் சோலோ ஒரு நீளமான வாக்கியம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும், எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே மட்டும் ஸ்நேரில் ஒரு ‘ட்ர்ப்’. குறுக்கே பேசுவதே கிடையாது. ‘ஆமாம், மேலே சொல்லுங்க’ என்று தலையாட்டுகிற ஆள் போல. 20 வயதில் எனக்கெல்லாம் யாராவது பேசினால் முடிக்கும்வரை பொறுக்கத் தெரியாது.

‘டாக்டர் வூ’தான் ஆல்பத்தில் பலருக்கும் பிடித்த பாட்டு, எனக்கும் பிடிக்கும், அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாக: ஃபில் வுட்ஸின் ஆல்ட்டோ சாக்ஸபோன். இரண்டு வருடம் கழித்து பில்லி ஜோயலின் ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ பாட்டில் உருகி உருகி வாசித்தாரே அதே மனிதர். இங்கே அவர் வாசிக்கும்போது டிரம்ஸ் கீழே என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள். சாக்ஸபோன் மேலே ஏற ஏற, டாம் என்கிற உருளை டிரம்களில் சின்னச் சின்ன உருட்டல்கள் வந்து அடுத்த படியைக் காட்டிவிட்டு விலகிக்கொள்ளும்.

‘செயின் லைட்னிங்’ மெதுவான புளூஸ். ரிக் டெரிங்கரின் கிட்டார். மேலே சொன்ன தகிடதான், ஆனால் பாதி வேகத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாலையில் நடக்கிற நடை. இதில் ஃபில் என்று, அதாவது வரிகளுக்கு நடுவில் நிரப்புகிற உருட்டல் என்று சொல்லும்படி எதுவுமே பெரிதாக இல்லை. முதலில் கேட்டபோது சப்பென்று இருக்கிறதே என்று தாண்டிப் போன பாட்டு, இப்போது ஒரு தடவை கேட்டால் திரும்ப ஊசியை எடுத்து வைக்கிறேன். மாமா சொன்ன மாதிரி வலது கையை மட்டும் கேட்கிறதுக்கு இதைவிட நல்ல பாட்டு இந்த ஆல்பத்தில் கிடையாது.

பத்தில் ஒன்பது பொர்க்காரோ என்றேன். மிச்சம் ஒன்று, ‘எனி வேர்ல்டு’ என்று சுருக்கமாகச் சொல்லலாம், அதில் ஹால் பிளேன். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். 1929-ல் பிறந்தவர், ரெக்கிங் க்ரூ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோ கும்பலின் தலைமை டிரம்மர். 1966-லிருந்து 1971 வரை கிராமி விருதில் ‘ஆண்டின் சிறந்த பதிவு’ என்று தொடர்ந்து ஆறு வருடம் பரிசு வாங்கிய ஆறு பாட்டிலும் டிரம்ஸ் இவர்தான். ஆறும் நாலு வேறு வேறு ஆட்களுடைய பதிவுகள்! 1963-ல் ரொனெட்ஸ் பாடிய ‘பீ மை பேபி’ தொடக்கத்தில் தனியாக வருமே ‘டூம், டு-டூம், டிஷ்’, அதுவும் இவர். இரண்டாவது அடியில் ஸ்நேரைத் தவறவிட்டதால் நாலாவது அடியில் மட்டும் அடித்து, அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டேன் என்று அவரே சொல்வார். அதற்கப்புறம் அந்தத் தவறைக் காப்பியடிக்காத டிரம்மர் உண்டா. வாசித்து முடித்த தாள்களில் ‘ஹால் பிளேன் மறுபடியும் அடித்தார்’ என்கிற மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்திவிட்டுப் போகும் பழக்கம் வேறு. அட்டையில் பெயர் போடாவிட்டால் என்ன, நானே போட்டுக்கொள்கிறேன் என்கிற தெனாவெட்டு. எனக்கு அந்த ஸ்டாம்பு ரொம்பப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில், இருபது வயதுப் பையன் ஆண்டுகொண்டிருக்கிற ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு வந்து உட்கார்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. பொர்க்காரோ தாளத்தின் நடு மையத்தில், இம்மி பிசகாமல். பிளேன் பெரிய மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி, டாம்கள் அகலமாக, கோரஸ் வருவதற்கு முன்னால் கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு உருட்டு. ஒரு தலைமுறை எழுந்துபோக அடுத்தது உட்கார்கிற காட்சியை ஒரே தட்டில், சில அங்குல இடைவெளியில் பார்க்கலாம். இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி நான் படித்ததில்லை, ஏன் என்றும் புரியவில்லை.

இனி ஒலித்தரம். இந்த ஆல்பத்தின் சோகக்கதையே அதுதான். பின்னட்டையில் எங்களிடம் 24 டிராக் ரெக்கார்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர் வைத்த மிக்ஸர் இருக்கிறது, ரொம்ப விலையுள்ள ஜெர்மன் மைக்குகள் இருக்கின்றன என்று விளம்பரப் பாணியில், கிண்டலும் பெருமையும் கலந்து எழுதியிருப்பார்கள். அந்தப் பெருமையில் மண் விழுந்தது. மிக்ஸ் செய்யும்போது டேப்பின் இரைச்சலைக் குறைக்க டிபிஎக்ஸ் என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். பதியும்போது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக நசுக்கிப் பதிவார்கள், திருப்பிப் போடும்போது அதே அளவுக்கு விரித்துவிட்டால் இரைச்சல் அடியில் போய்விடும். மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து, வீட்டுக்கு வந்து பிரித்துப் போடுகிற மாதிரி. இவர்களுக்குப் பிரித்துப் போடும்போது மெத்தை பழைய அளவுக்கு வரவில்லை. ஸ்டூடியோவில் பிரமாதமாகக் கேட்டது, திருப்பிப் போட்டால் மொத்தையாகிவிட்டது. எவ்வளவோ முயன்றும் சரியாகவில்லை. ஃபேகனும் பெக்கரும் நொந்துபோய், முடிந்த ஆல்பத்தைக் கேட்கவே மறுத்தார்கள் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கல்ஸ் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அவராலேயே முடியவில்லை என்றால் பாருங்கள்.

இந்தக் கோளாறில் முதலில் அடிபடுவது சிம்பல்தான். கிட்டாருக்கும் குரலுக்கும் கொஞ்சம் மங்கினாலும் தாங்கும். சிம்பலின் ஓசை ‘ட்ஸ்ஸ்’ என்று மெல்லக் கரைகிற அந்த வால் பகுதி, சத்தம் குறையக் குறைய டிபிஎக்ஸ் தப்பாக விரித்தால் திடீரென்று அறுந்துவிடும், அல்லது போர்வைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். என் பழைய சிடியில் அப்படித்தான் இருந்தது. வலது கையைக் கேள் என்று மாமா சொன்ன கையை முழுசாகக் கேட்க முடியாத ஆல்பம்! அதனால்தான் புதிய மறுபதிப்பு வந்ததும் வளைந்த தட்டு, பதினெட்டு நாள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மாற்றி வந்த தட்டைப் பற்றிச் சொல்கிறேன். 180 கிராம் வினைல், கனமாக, தட்டையாக இருந்தது, நடு ஓட்டையும் சரியாக நடுவில். (சிரிக்காதீர்கள், ஓட்டை ஓரமாக விழுந்த தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, பாடகர் படகில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும்.) உள் உறை மட்டும் வெறும் காகிதம், அந்த விலைக்குக் கொஞ்சம் நல்ல உறை கொடுத்திருக்கலாம், எடுக்கும்போதே உரசுகிறது, நான் வேறு உறை மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் லேசான டிக் சத்தம், கழுவியதும் ஒன்று போய்விட்டது.

ஒலி? அதிசயம் எதுவும் நடக்கவில்லை. டேப்பிலேயே இல்லாததை யார் கொண்டுவர முடியும். ஆனால் போர்வை கொஞ்சம் விலகியிருக்கிறது. ‘பேட் ஸ்னீக்கர்ஸ்’ பாட்டில் காலால் அடிக்கிற கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் என் சிடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மொத்தையாகக் கேட்கும், இதில் தனித்தனியாகத் தெரிகிறது, கிக் முதலில் வயிற்றில் இடிக்கிறது, பேஸ் அதன்மேல் வந்து உட்கார்கிறது. ‘செயின் லைட்னிங்’கில் ஹை-ஹாட் மூடும்போது வருகிற அந்தச் சின்ன ‘ச்ப்’ இருக்கிறதே, அதை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை. ‘கோல்ட் டீத்’ ரைடு சிம்பல் மட்டும் இன்னும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறது, குச்சி படுவது கேட்கிறது, பிறகு வருகிற ரீங்காரம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அது 1975-ல் விழுந்த ஓட்டை, விட்டுவிட வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த மங்கல் சில பாட்டுக்குப் பொருந்தவும் செய்கிறது. ‘ஏஜா’ துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி, கை வைக்கவே பயமாக இருக்கும். இதில் ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிற சூடு இருக்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்தான், கணக்குப் போட்டால் நிமிடத்துக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. ‘எவ்ரிஒன்ஸ் கான் டு த மூவீஸ்’ பாட்டின் விஷயம் அருவருப்பானது, ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்ட படத்தையும் போட்டுக் காட்டுகிற ஒரு ஆளைப் பற்றியது, அதற்குக் குஷியான மெட்டு. குத்தலுக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது எனக்கு அந்தப் பாட்டில் ஊசியைத் தூக்கி வைக்கத்தான் தோன்றுகிறது. கடைசிப் பாட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இன்னொன்று, மைக்கேல் மெக்டொனால்ட் இந்த ஆல்பத்தில் பின்குரல் பாடியிருக்கிறார், டூபி பிரதர்ஸில் பெரிய ஆளாவதற்கு முன்னால். ‘பேட் ஸ்னீக்கர்ஸ்’ கோரஸில் கனமாக, வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு குரல் பின்னால் எழும்புமே, அது அவர்தான்.

இது பிடித்துப்போனால் அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பரிந்துரை, அதுவும் கவனிக்கப்படாத ஆல்பம்தான்: பால் சைமனின் ‘ஒன்-ட்ரிக் போனி’, 1980. டிரம்ஸில் ஸ்டீவ் கேட். ‘லேட் இன் தி ஈவ்னிங்’ பாட்டில் ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டு குச்சி பிடித்து வாசித்திருக்கிறார், தனியாக ஒருவர் அடிக்கிற மாதிரியே இருக்காது, திருவிழாவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அதன் பழைய பதிப்புகள் இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன.

இதே ஃபேகன், பெக்கர், நிக்கல்ஸ் கூட்டணி 1980-ல் ‘கௌச்சோ’ ஆல்பம் செய்தபோது, மனிதன் வாசிக்கிற தாளம் போதவில்லை என்று வெண்டெல் என்ற ஒரு டிரம் இயந்திரத்தை நிக்கல்ஸைச் செய்ய வைத்தார்கள். ‘கேட்டி லைடு’ கேட்டுவிட்டு இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பையன் ஐந்து வருடம் முன்னாலேயே கையால் செய்துவிட்டான்.

மாமாவுக்குப் போன வாரம் இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ‘பிளாக் ஃப்ரைடே’ ஓடியது, தொடையில் வலது கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. “இவன் சாப்புட்டுட்டு வந்து வாசிச்சிருக்கான்டா” என்றார். அவர்கள் குழுவில் அது பெரிய பாராட்டு, அவசரமே தெரியவில்லை என்று அர்த்தம்.

வாங்கலாமா? ‘ஏஜா’ இன்னும் கேட்டதில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், சண்டைக்கு வரவில்லை. அது ஏற்கெனவே இருந்தால், டிரம்ஸ் பிடிக்கும் என்றால், இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் போனை வைத்து முதல் நாடாவை வெட்டுவதிலிருந்து தட்டு சுற்றுகிற வரைக்கும் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். வளைந்து வந்தால் அந்த வீடியோவைத்தான் முதலில் கேட்பார்கள்.